புகார் அட்டைகள்

பள்ளி விடுதி
ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. கடைவாய்ப் பல்லைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து போடுகிறாயா, இல்லை வாங்கி அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

உன் பேச்சைக் கேட்டு உயிரியலை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துவிட்டேன். வகுப்பு டீச்சர் இரண்டு தடவை கேட்டார். "நல்லா யோசிச்சியா? கடைசி வருஷம், அப்புறம் மாத்த முடியாது" என்றார். "எங்கக்கா கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குறா டீச்சர். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

இப்போது கூத்தைக் கேள். கம்ப்யூட்டர் அறை இருக்கிறது. அதில் மெஷின்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நீலத் துணியில் உறை தைத்து மூடி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாக ஒன்றுகூட ஓடவில்லையாம். கம்ப்யூட்டர் சார் கரும்பலகையில் பெரிய சதுரம் போட்டு, "இதான் திரை" என்கிறார். மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இத அமுக்குனா மூடிக்கும்" என்று சொல்லி, அழிப்பானால் முழுச் சதுரத்தையும் துடைக்கிறார். நேற்று இணையம் நடத்தினார். சதுரத்துக்குள் நீளமாக ஒரு பெட்டி. "இங்க முகவரி அடிச்சா பக்கம் வரும்." வந்ததாக நினைத்துக்கொண்டு நாங்களும் நோட்டில் வரைந்துகொண்டோம்.

சிரிக்காதே. மார்ச் மாதம் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். மெஷின் முன்னால் உட்காரவைத்து மின்னஞ்சல் அனுப்பு, புரோகிராம் எழுது என்பார். அதில் தேறினால்தான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியும். அதற்குள் ஒரு மெஷினாவது கண் திறக்க வேண்டும்.

இங்கே போன் வைத்துக்கொள்ளக் கூடாது. வார்டன் அறைப் போனில் பேசினால் பின்னால் பத்துப் பேர் காது கொடுப்பார்கள். அதனால் கடிதம்தான். உடனே பதில் போடு.

பல்வலியுடன்,
தங்கை


மாடி அறை
ஜூலை 6

என் அருமை வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதத்தை ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கண் பரவாயில்லை. மருந்து போடுகிறேன், சத்தியமாக. பல்லை டாக்டரிடம் காட்டு. கிராம்பை வைத்துச் சமாளிக்காதே.

அம்மாவின் முழங்கால் இப்போது தேவலையாம். அப்பாவுக்கு இரண்டு பெரிய வீடுகளில் பெயின்ட் வேலை கிடைத்திருக்கிறதாம்.

எனக்கு இங்கே எப்போதும் போலத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலை நீட்டிப்பு என்று ஒரு காகிதம் தருவார்கள். அது வரும் வாரத்தில் மட்டும் எனக்குச் சோறு இறங்காது. ஐந்து வருஷமாக இப்படித்தான். நிரந்தரம் ஆகிவிட்டால் நிம்மதியாகக் காலை நீட்டித் தூங்குவேன். மேலாளர் நல்லவர். ஆனால் நல்லவராக இருக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

உன் பள்ளியில் மொத்தம் எத்தனை மெஷின் இருக்கின்றன? கம்ப்யூட்டர் சார் எப்படிப்பட்டவர், பேசினால் கேட்பாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

உன்
அக்கா


பள்ளி விடுதி
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. வலி போய், இப்போது நாக்குக்கு அந்த ஓட்டையில்தான் வேலை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதால் உறைகளைத் தூக்கிப் பார்த்து எண்ணினேன். முப்பத்திரண்டு. சார் நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் நாலு பேனா, நாலிலும் மை இருக்காது. பேசினால் கேட்பார், அதுவும் அவருக்கு நல்லதாக இருந்தால் நன்றாகவே கேட்பார்.

உன் கம்பெனியில் வேண்டாமென்று போட்ட மெஷின் ஒன்று இருந்தால் எனக்குக் கேட்டு வாங்கித் தருவாயா? அதற்காகத்தான் கேட்டாயோ என்று ஒரு நப்பாசை.

ஆசையுடன்,
தங்கை


பள்ளி விடுதி
ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? இருந்தாலும் பரவாயில்லை, நான் சொல்லப்போவதைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாய்.

மெஷின்கள் ஓடுகின்றன. முப்பத்திரண்டும். போன வாரம் ஒரு வேன் வந்தது. மூன்று பேர் இறங்கி இரண்டு நாள் கம்பியும் திருப்புளியுமாகக் கிடந்தார்கள். யாரோ ஒரு நல்ல கம்பெனி இலவசமாகச் செய்து கொடுத்ததாம். உட்காரப் புது நாற்காலிகூட வந்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். நான் பதினேழு. என் ஜோடி பதினெட்டு. அவளை நாங்கள் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவோம். வாயைத் திறக்க மாட்டாள், திறந்தால் ஒரு வகுப்பே சிரிக்கும்.

முதல் பாடம் தட்டச்சு. ஒரு பஸ் கம்பெனி வேண்டாமென்று போட்ட புகார் அட்டைகளைச் சார் கட்டுக்கட்டாக வாங்கி வந்திருக்கிறார். பயணிகள் கையால் எழுதியவை. பெயர், முகவரி, பஸ் எண், தேதி, புகார் என்று பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். ஒரே அட்டையை ஜோடியில் இருவரும் தனித்தனியாக அடிப்போம். இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை, ஒரு எழுத்து மாறினாலும் சிவப்பு. தினமும் எங்கள் ஜோடிதான் முதலிடம்.

அக்கா, மனிதர்கள் எதற்கெல்லாம் புகார் எழுதுகிறார்கள் தெரியுமா? ஒரு அம்மாவுக்குக் குடை காணாமல் போயிருக்கிறது. ஒருவருக்குப் பதினான்காம் இருக்கையில் மழை ஒழுகுகிறது. ஒரு காவல்காரர் மட்டும் பதினொரு அட்டை எழுதியிருக்கிறார், எல்லாம் ஒரே விஷயம். ஆஸ்பத்திரி வாசல் நிறுத்தத்தில் பஸ் நிற்பதே இல்லையாம், அவர் மனைவி இரண்டு நிறுத்தம் நடந்து வருகிறாராம். அவரை எனக்குத் தெரிந்தவர் மாதிரியே ஆகிவிட்டது.

"விரல் பழகட்டும். மத்ததெல்லாம் தானா வரும்" என்கிறார் சார். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்ட மாதிரியே நடந்துகொண்டிருக்கிறேன்.

பதில் போடு.

சந்தோஷத்துடன்,
தங்கை


மாடி அறை
செப்டம்பர் 14

என் அருமை வாலுக்கு,

நான் சுகம். எழுத நேரம் கிடைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

உனக்கும் ஒரு நல்ல செய்தி. என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இனி மூன்று மாதக் காகிதம் இல்லை. ஜன்னல் பக்கம் தனி மேசை, எனக்குக் கீழே ஆறு பேர். அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி அனுப்பினேன். பெயின்ட் வேலைக்குப் போகிறவருக்கு வெள்ளைச் சட்டையா என்று அம்மா திட்டியிருக்கிறாள். அவர் அதை மடித்து வைத்துக்கொண்டு தினமும் எடுத்துப் பார்க்கிறாராம்.

உனக்கு ஒரு ஜோடிக் காலணி தனியாக அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று எழுது. மெஷின் ஓடுவது எனக்கு ரொம்ப சந்தோஷம். சார் சொல்வது சரிதான், விரல் வேகம் முக்கியம். நீ முதலிடம் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பல் இருந்த இடம் ஆறிவிட்டதா?

உன்
அக்கா


பள்ளி விடுதி
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

காலணி அளவு சரி. நீ நிரந்தரமானதை வார்டனிடம்கூடச் சொல்லிவிட்டேன். கண்ணைப் பார்த்துக்கொள், ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமல் உட்கார்.

எனக்கு ஒரு சந்தேகம். உன்னைத் தவிரக் கேட்க ஆளில்லை. இரண்டு மாதமாக அட்டைதான் அடிக்கிறோம். காலையில் ஒரு மணி நேரம், பள்ளி விட்டபிறகு இரண்டு மணி நேரம். பாடப் புத்தகத்தில் எட்டு அத்தியாயம் இருக்கிறது. ஒன்றையும் மெஷினில் தொடவில்லை. புரோகிராம் இன்னும் கரும்பலகையில்தான். இணைய ஒயர் வந்திருக்கிறது, ஆனால் அது சார் மேசை மெஷினுக்கு மட்டும். சாயங்காலம் ஆனதும் அதிலிருந்து எதையோ அனுப்புகிறார்.

நேற்று துணிந்து கேட்டுவிட்டேன். "சார், மின்னஞ்சல் எப்ப சார் சொல்லித் தருவீங்க?"

"மொதல்ல நேத்து பாக்கி முப்பது அட்டைய முடி."

"அது பயிற்சிதானே சார், நாளைக்கு முடிக்கலாமே?"

"நாளைக்கு வேற கட்டு வருது" என்றார். பயிற்சிக்கு ஏன் இத்தனை அவசரம் என்று ஊமைக்கோட்டான்கூட வாயைத் திறந்து கேட்டாள்.

நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவள். உண்மையைச் சொல். விரல் பழகினால் மற்றது தானாக வருமா? மார்ச்சுக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது.

தங்கை


மாடி அறை
நவம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? இங்கே வேலை கழுத்துவரை இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பொறுமையாக இரு. சாரிடம் எதிர்த்துப் பேசாதே. புத்தகத்தை நீயே படி. நான் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கி அனுப்புகிறேன். எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

அப்புறம் ஒன்று. கடைசிக் கட்டத்தில் எதுவும் எழுதாதே. காலியாகவே விடு. உன் ஜோடியிடமும் சொல்லிவை. அது விளையாட்டு இல்லை.

அம்மா உன் உடம்பைக் கேட்டாள்.

அக்கா


பள்ளி விடுதி
நவம்பர் 23

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தைத்தான் பத்து நாளாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதிய கடிதங்கள் உன்னிடம் இருக்கும். எடுத்துப் பார். பெயர், முகவரி, பஸ் எண், தேதி, புகார். இவ்வளவுதான் நான் எழுதினேன். அட்டைக்குக் கீழே திரையில் 'பதில்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. சார் திட்டுவார் என்று யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் என் ஜோடிக்கும் மட்டும் தெரிந்த குறும்பு அது. இருவரும் ஒரே பதிலை அடித்தால் மெஷின் பச்சை காட்டிவிடும். தூக்கிப்போட்ட அட்டைகள்தானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தோம்.

குடை தொலைத்த அம்மாவுக்கு, 'மழை நின்ற பிறகு கிளம்புங்கள்' என்று எழுதினோம். நடத்துநர் மரியாதையில்லாமல் பேசுகிறார் என்றவருக்கு, 'விசாரித்தோம், வீட்டிலும் அப்படித்தானாம்' என்று எழுதினோம். பதினொரு அட்டைக் காவல்காரருக்கு மட்டும் கிண்டல் வரவில்லை. 'இனி நிற்கும்' என்று எழுதினேன். மொத்தம் நாற்பது இருக்கும்.

இது உனக்கு எப்படித் தெரியும்?

நான் முட்டாள் இல்லை, அக்கா. எத்தனை மெஷின் என்று நீ கேட்டாய், நான் எண்ணி எழுதிய மறுமாதமே வேன் வந்தது. வேன் வந்த மறுமாதம் நீ நிரந்தரமானாய். சாயங்காலம் சார் அனுப்புவது உன் மேசைக்குத்தான் வருகிறது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. நான் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆமாம் என்றால் எனக்காக ஒன்று செய். தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுது. இது பயிற்சி இல்லை, எங்கள் கம்பெனியின் வேலை, பிள்ளைகளின் பாட நேரத்தைப் பாடத்துக்கு விடுங்கள் என்று நாலு வரி. நான் போய்ச் சொன்னால் சோம்பேறி சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். நீ எழுதினால் நம்புவார்கள். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முப்பத்திரண்டு பேரும் தேறிவிடலாம்.

மழுப்பாமல் பதில் எழுது.

தங்கை


பள்ளி விடுதி
ஜனவரி 11

அக்காவுக்கு,

ஏழு வாரமாக உன் பதில் வரவில்லை. வழிகாட்டிப் புத்தகமும் வரவில்லை. ஆனால் நீ எழுதிய கடிதம் வந்தது. எனக்கு இல்லை, தலைமையாசிரியைக்கு.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார். சார் பக்கத்தில் நின்றார், நாலு பேனாவும் சட்டைப் பையில் இருந்தன. மேசையில் உன் கம்பெனியின் பெயர் போட்ட தாள். "படி" என்றார் மேடம். வாய்விட்டுப் படித்தேன். 'தங்கள் பள்ளியின் பதினேழாம் எண் மாணவி பணியில் வேண்டுமென்றே தவறான பதிவுகளைச் செய்து எங்கள் வாடிக்கையாளருக்கு அவமானம் ஏற்படுத்தியுள்ளார். அந்த மாணவியை இந்தப் பணியிலிருந்து விலக்கிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே பொறுப்பாளர் என்று போட்டு உன் கையெழுத்து. 'என் அருமை வாலுக்கு' என்று எனக்கு எழுதுகிற அதே கை.

நான் நினைத்திருந்ததைச் சொல்லிப் பார்த்தேன். "மேடம், இது படிப்பே இல்ல. இவங்க வேலைய நாங்க செஞ்சு குடுத்துட்டிருக்கோம். புத்தகத்துல ஒரு பாடம்கூட நடக்கல."

"மெஷின் ஓடுதுல்ல? போன வருஷம் அதுவும் இல்ல" என்றார். "உன் ஒருத்தியால அவங்க எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா மத்தப் புள்ளைங்க என்ன பண்ணும்?"

தேர்வு நாள்வரை கம்ப்யூட்டர் அறைக்குள் நான் கால் வைக்கக் கூடாது. மற்றவர்களுக்குக் கடைசி இரண்டு வாரம் பாடம் நடத்துவார்களாம். எனக்கு அதுவும் இல்லை. வெளியே வந்ததும் ஊமைக்கோட்டான் அழுதாள். "நானுந்தான் எழுதுனேன். போய்ச் சொல்லிடுறேன்" என்றாள். ஒருத்தியாவது உள்ளே இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இருவரும் எழுதினோம், இருவர் எண்ணும் உன்னிடம் இருந்திருக்கும். உன் கடிதத்தில் பதினெட்டு ஏன் இல்லை? பதினேழு யார் என்று உனக்குத் தெரியாதா?

தங்கை


மாடி அறை
ஜனவரி 25

என் தங்கத்துக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடு.

எல்லாம் நீ நினைத்த மாதிரிதான். பஸ் கம்பெனி வேலை மலைபோல வந்தது, ஆள் போதவில்லை. மேலாளர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் கடிதம் என் பையில் இருந்தது. ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு மெஷின் சும்மா கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன். நீ அங்கே படிக்கிறாய் என்று சொல்லவில்லை. சொன்னால் சொந்தக்காரர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறாள் என்பார்கள். மெஷினுக்கும் உயிர் வரும், உனக்கும் ஆசை தீரும், எனக்கும் ஒரு வழி பிறக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். பாடத்தையும் சேர்த்து நடத்துவதாகத்தான் உன் சார் ஒப்புக்கொண்டார். நடத்துகிறாரா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

பதில் கட்டம் காலியாக இருந்தால் வழக்கமான பதில் அச்சாகும். எழுதியிருந்தால் எழுதியதே அச்சாகிக் கம்பெனி முத்திரையோடு தபாலில் போய்விடும். நவம்பரில் ஒரு கட்டில் இதைப் பார்த்து உனக்கு எழுதினேன், ஆனால் முன்னால் போனவை போய்விட்டன. அந்தக் காவல்காரர் 'இனி நிற்கும்' என்ற கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். பெரிய ரகளை. ஒரு மணி நேரத்துக்குள் அதை அடித்தவர் எண்ணைச் சொல், இல்லாவிட்டால் நீ கிளம்பு என்றார் மேலாளர்.

இரண்டு எண்களும் என் முன்னால் இருந்தன. அந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளையோ, அவளை எப்படிக் காட்டிக்கொடுப்பது? நீ என்னுடையவள். நீ பொறுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். அதனால் உன்னைச் சொன்னேன். இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தேர்வு எப்படிப் போனாலும் கவலைப்படாதே. உன் வேகம் எனக்குத் தெரியும். இங்கேயே ஒரு நாற்காலி பிடித்துத் தருகிறேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவிடம் மட்டும் சொல்லாதே.

அக்கா


வீடு
மே 3

அக்காவுக்கு,

ஜனவரியிலிருந்து நீ அனுப்பிய மூன்று கடிதங்களும் வந்தன. மொத்தமாக இதுதான் பதில்.

செய்முறைத் தேர்வில் எனக்குப் பதினோராம் மெஷின். தேர்வாளர் அம்மா தன்மையானவர். மின்னஞ்சல் திறந்து, ஒரு கோப்பை இணைத்து, பலகையில் இருக்கும் முகவரிக்கு அனுப்பச் சொன்னார். திரையில் கடவுச்சொல் கேட்டது. எனக்குக் கடவுச்சொல் என்று ஒன்று இருந்ததே இல்லை. புதிதாக உண்டாக்கும் இடம் எது என்று தெரியவில்லை. நோட்டில் நான் வரைந்த சதுரத்தில் அது இல்லை. புரோகிராமில் பாதி எழுதினேன், ஓடவில்லை. கடைசியில் அவரே இரக்கப்பட்டு ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அவர் அந்தப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் முடித்துவிட்டேன். "இவ்வளவு வேகம் எங்கம்மா கத்துக்கிட்ட?" என்றார். தட்டச்சுக்கு மதிப்பெண் கிடையாது.

முப்பத்திரண்டு பேரில் ஏழு பேர் தேறினார்கள். ஊமைக்கோட்டான் தேறிவிட்டாள். நான் தேறவில்லை. பாலிடெக்னிக் விண்ணப்பம் போன வாரத்தோடு முடிந்தது.

செப்டம்பரில் மறுதேர்வு இருக்கிறது. இங்கே பொது நூலகத்தில் ஒரு மெஷின் உண்டு, ஆளுக்கு அரை மணி நேரம். தினமும் போகிறேன். முந்தாநாள் நூலகர் அம்மா எனக்கு மின்னஞ்சல் உண்டாக்கச் சொல்லிக் கொடுத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு வருஷம் காத்திருந்தது இந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான். "கடவுச்சொல்ல யாருக்கும் சொல்லிடாத, கூடப்பொறந்தவங்களா இருந்தாலும்" என்றார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

உன் பக்கத்து நாற்காலி எனக்கு வேண்டாம். என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாய். அந்நியர் யாராவது செய்திருந்தால் உன்னிடம்தான் வந்து அழுதிருப்பேன். நான் உன்னுடையவள் என்பதால் என்னைச் சொன்னாய் என்று எழுதினாய். உன்னுடையவளாக இருப்பதற்கு இதுதான் கூலி என்றால், அந்தப் பதினெட்டாம் எண் உனக்கு யாருமில்லாமல் பிறந்தது அவள் அதிர்ஷ்டம்.

நீ கேட்டது அப்பாவைப் பற்றி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுதியைக் காலி செய்ய அவர்தான் வந்தார். உன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பெரியவள் நிரந்தரமாகிவிட்டாள், ஜன்னல் பக்கம் தனி மேசை, அவளுக்குக் கீழே ஆறு பேர் என்று. அந்த ஆள் இறங்கிப் போனபிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஏம்மா இப்படி ஆச்சு?"

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். உன் கடிதங்கள் என் மடியில் பைக்குள்தான் இருந்தன. எடுத்துக் கொடுத்தால் போதும். அவர் சட்டைக் கையில் தூசி விழுந்துவிட்டதென்று தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் படிக்கலப்பா" என்றேன்.

அவர் உடனே நம்பிவிட்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பத்து வருஷமாக வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் ஏன் படிக்கவில்லை என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. "உங்கக்காவப் பாத்தாவது திருந்தக் கூடாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவிடம் உனக்கு இருந்த பெயர் அப்படியே இருக்கிறது. என்னுடையதைக் கொடுத்துத்தான் அதைக் காப்பாற்றினேன். இனிமேல் என்னிடம் எதுவும் கேட்காதே, அக்கா.

தங்கை